மூன்று மணி ரீடிங்

இருநூற்று நாற்பத்தொன்று.
துலுக்காணத்துக்குச் சர்க்கரையே கிடையாதாம்.
ஐசியூ வாசலில் செருப்பைக் கையில் பிடித்தபடி
கோவிந்தம்மா மூன்றாவது தடவையாகச் சொல்கிறாள்:
"சத்தியமா சிஸ்டர், ரெண்டு ஸ்பூன் போட்டுத்தான் டீ குடிப்பாரு.
ஒரு நாளும் ஒண்ணும் ஆனதில்ல."

ராணிப்பேட்டை தோல் ஷாப்பில் ஷிப்ட் முடித்து
டிவிஎஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஆள்.
வாலாஜா தாண்டி விளக்கில்லாத டிராக்டர்.
ஹெல்மெட் வீட்டில், ஆணியில்.

அடிபட்டால் உடம்பு பயந்துபோகும்மா என்றேன்.
கல்லீரல் பூட்டைத் திறந்து
இருப்பையெல்லாம் ரத்தத்தில் கொட்டிவிடும்,
எங்காவது ஓடித் தப்பிக்கலாம் என்று.
ஓட வேண்டிய கால் இரண்டும்
நீலப் போர்வைக்கடியில் கிடக்கின்றன,
ஒன்றில் இன்னும் தோல் சாயம்.

நூற்று நாற்பதுக்குக் கீழே வேண்டாம்,
நூற்றெண்பதுக்கு மேலே வேண்டாம்.
சார்ட்டில் டாக்டர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.
ஏறினால் காயம் பெரிதாகும்.
இறங்கினால் அதைவிட மோசம்.
மூளைக்குச் சேமிப்பு என்று எதுவும் இல்லை,
அன்றாடங்காய்ச்சி.
ஒரு வேளைக் கூலி நின்றாலும் அடுப்பு அணைந்துவிடும்.

நம் யாருக்காவது இறங்கினால் கை நடுங்கும்,
பசிக்கிறது என்போம், எரிந்து விழுவோம்.
இவர் வாயில் குழாய்.
இவருக்குப் பதிலாகச் சொல்வதற்கு
மணிக்கு ஒரு சொட்டு ரத்தம்தான்.

ஒன்றரைக்கு சி.டி.க்கு இறக்கினோம்.
லிஃப்ட் பாதியில் நின்று பிறகு நகர்ந்தது.
வென்டிலேட்டர், சிலிண்டர், நான்கு பேர்,
கண்மணி இரண்டும் ஒரே அளவா என்று
டார்ச் அடித்துப் பார்த்தபடியே போனோம்.
மூக்குக் குழாயில் போன ஃபீடை நிறுத்தியது நான்.
இன்சுலின் பம்பை நிறுத்தாமல் விட்டதும் நான்தான்.
சார்ட்டில் இரண்டு மணிக் கட்டம் காலி.

மூன்று மணிக்கு அவருடைய மேலுதட்டில் வேர்வை.
அந்த ஏசி குளிரில்.
ஐம்பத்திரண்டு.
மிஷின்மேல் சந்தேகப்பட்டு
ஆர்ட்டரி லைனில் இன்னொரு சொட்டு எடுத்தேன்.
நாற்பத்தொன்பது.

பம்பை அணைத்தேன்.
டெக்ஸ்ட்ரோஸ் கெட்டியான திரவம்,
அவசரத்துக்கு இறங்காது,
கட்டைவிரலால் பாகைத் தள்ளுகிற மாதிரி இருந்தது.
பிறகு பதினைந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும்.
இந்த ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு:
தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று போகும்.
அந்தப் பதினைந்து நிமிஷமும்
அந்த வரிசையில்
என்னைச் சேர்த்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூற்றுப் பதினெட்டு.
அரைமணி கழித்து நூற்றைம்பத்தொன்று.
ஐஸ்வாலிலிருந்து வந்து
மூன்று வருஷத்தில் தமிழ் கற்ற டாக்டர்
"எழுதிடுங்க சிஸ்டர், நானும் கையெழுத்து போடறேன்" என்றார்.
பாரத்தில் 'காரணம்' என்ற இடத்தில்
என் பெயரைத் தொடங்கி அடித்துவிட்டு,
நடந்ததை எழுதினேன்,
பிறகு கீழே என் பெயரையும்.

ஆறு மணிக்குக் கோவிந்தம்மாவை உள்ளே விட்டார்கள்.
இடுப்புச் சுருக்கிலிருந்து
அவருடைய சம்பளச் சீட்டை எடுத்தாள்.
பின்பக்கம் முழுக்க நம்பர்கள்,
நைட் வாட்ச்மேனிடம் சொல்லி எழுதி வாங்கியவை.
"பையன் கேப்பான். இப்ப எவ்ளோ?"
"நூத்தி அறுபத்திரெண்டு."
"நல்ல நம்பரா?"
நல்ல நம்பர்தான்.

பிறகு சொன்னேன்.
மூணு மணிக்கு ரொம்ப இறங்கிடுச்சும்மா.
பம்பு ஓடிட்டே இருந்தது, நான் பாக்கல.
அதனால என்ன ஆயிருக்கும்னு
இப்ப யாருக்கும் தெரியாது.

அவள் என்னைப் பார்க்கவில்லை,
பம்பைப் பார்த்தாள், வெகுநேரம்.
சீட்டை என் பக்கம் நீட்டினாள்.
"அதையும் எழுதுங்க."

ஐம்பத்திரண்டு என்று எழுதி
பக்கத்தில் மணியையும் போட்டேன்.
அடுத்தது ஏழு மணிக்கு.
லான்செட் டப்பாவில் இரண்டே இரண்டு பாக்கி,
இன்டென்ட் போட வேண்டும்.